கருத்துக்குக் கூலி – 9: மாவட்டத்துக்கு ஒருவர்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்திலுள்ள நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2017 பிப்ரவரியில் தொடங்கிய போராட்டம், ஊரில் எவ்வளவு தீவிரமாக நடந்ததோ அவ்வளவு தீவிரமாக முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் நடந்தது. அதற்கு முந்தைய மாதம் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்களும் இவ்வழியாகவே ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டனர். நெடுவாசல் வட்டாரத்து உழவர்களைப் பேசவைத்தது, தங்கள் வயலும் ஆழ்துளைக் கிணறும் என்னவாகும் என்ற கவலை. ஒரு பதிவின் பின்னால் இத்தகைய கவலை இருக்கிறது என்று படிப்பவர் நம்புவதால்தான் அதற்கு மதிப்பு உண்டாகிறது. கூலிக்கு எழுதப்படும் பதிவு அந்த நம்பிக்கையைத்தான் களவாடுகிறது.

2018 ஏப்ரலில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழுள்ள பெசில் என்னும் பொதுத்துறை நிறுவனம், 'சமூக ஊடகத் தகவல்தொடர்பு மையம்' ஒன்றை அமைப்பதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. குடிமக்களின் பதிவுகளைத் திரட்டி ஆராயும் மென்பொருளோடு, நாட்டின் 716 மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஒருவரை ஒப்பந்த ஊதியத்தில் அமர்த்துவதும் திட்டத்தில் இருந்தது. அந்தக் கணக்கில் புதுக்கோட்டையும் அடங்கும். மக்களின் எண்ணத்தை அறிவதோடு நில்லாமல், அதனை அரசுக்குச் சாதகமாக எவ்வாறு உருவாக்கலாம், தேசிய உணர்வை எவ்வாறு ஊட்டலாம் என்பவற்றுக்கும் அந்த ஆவணம் வழி கேட்டது. திரிணாமுல் காங்கிரஸைச் சேர்ந்த மஹுவா மொய்த்ரா தொடுத்த வழக்கில், இது கண்காணிப்பு அரசை உருவாக்குவது போன்றது என்று உச்ச நீதிமன்றம் ஜூலையில் கருத்துத் தெரிவித்தது; ஆகஸ்ட் 3 அன்று அரசு திட்டத்தைத் திரும்பப் பெற்றது.

ஆனால் அந்த நோக்கம் வேறு வடிவங்களில் தொடர்ந்தது. பின்தொடர்வோரின் எண்ணிக்கையால் செல்வாக்குப் பெற்ற சமூக ஊடகப் பதிவர்களுக்குத் தன் திட்டங்களைப் பரப்புவதற்காகப் பணம் வழங்கும் கொள்கையை உத்தரப் பிரதேச அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஏற்றது: எக்ஸ், முகநூல், இன்ஸ்டாகிராம் பதிவர்களுக்கு மாதம் 5 லட்சம் ரூபாய் வரை, யூடியூபர்களுக்கு 8 லட்சம் வரை. ராஜஸ்தானில் 2023இல் காங்கிரஸ் ஆட்சியே இதுபோன்ற கொள்கையை வகுத்தது என்பதால், இதை ஒரு கட்சியின் பழக்கமாக ஒதுக்கிவிட முடியாது.

அரசு தன் திட்டங்களை எடுத்துரைப்பதில் குற்றமில்லை. அது அரசின் கடமையுமாகும். மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் வெளியிடும் குறிப்பு அரசின் சொல் என்பது வாசகருக்குத் தெரியும், ஆகவே அவர் அதை அதற்குரிய ஐயத்தோடு படிக்கிறார். அரசு விளம்பரம் ஆளுங்கட்சியின் நலனுக்குப் பயன்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015 மே மாதத்தில் வகுத்த நெறிகள் அரசின் பெயரோடு வரும் விளம்பரத்தை அளப்பதற்கு உதவும். நண்பரின் பரிந்துரை போல வரும் காணொளியை விளம்பரமென்றே அறியாதபோது எவர் அளப்பார்? சீனாவில் அரசுக்குச் சாதகமான பதிவுகளை இடும் பணியைப் பெரும்பாலும் அரசு ஊழியர்களே சாதாரணக் குடிமக்கள்போல் எழுதிச் செய்கின்றனர் என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 44.8 கோடிப் பதிவுகள் அவ்வாறு இடப்படுகின்றன என்றும் அமெரிக்க அரசியல் அறிவியலாளர் கேரி கிங் குழுவினர் 2017இல் மதிப்பிட்டனர். அவை எதிர்ப்போருடன் வாதாடுவதை விடப் பேச்சைத் திசைதிருப்பவே முயன்றன என்பது அவ்வாய்வின் முக்கியமான முடிவு.

இந்தியாவில் ஒரு பொருளைப் பணம் பெற்றுப் பரிந்துரைக்கும் பதிவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. சோப்புக்கு வேண்டிய அந்த ஒற்றை வரி, வரிப்பணத்தில் ஆட்சியைப் புகழும் ஒவ்வொரு பதிவிலும் இடம்பெற்றாக வேண்டும். யாருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்ற பட்டியலையும், எவரும் மனுப் போட்டுக் கேட்கும்வரை காத்திராமல், அரசே வெளியிட வேண்டும்.

(தொடரும்)