திருச்சபைத் தலைமையிற் பெண்கள்: சுவிசேஷப் பற்றாளர் காட்டும் வேத நியாயம்



2012 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 20 ஆந் திகதி, இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டரிலே இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுச் சினோட் கூடி, பெண்களை அத்தியட்சராக அபிஷேகஞ் செய்யலாமா என்னும் வினாவுக்கு வாக்களித்தது. ஆங்கிலத்திற் பிஷப் எனப்படுபவரையே அத்தியட்சர் என்கிறோம். சினோட்டானது அத்தியட்சர், குருமார், குருப்பட்டம் பெறாத பொதுநிலையினர் என மூன்று சபைகளையுடையது. இத்தகைய பெருமாற்றம் நிறைவேறுதற்கு ஒவ்வொரு சபையிலும் மூன்றிலிரண்டு பங்கு வாக்கு வேண்டும். அத்தியட்சருள் 44 பேர் ஆதரித்தனர், மூவர் எதிர்த்தனர். குருமாருள் 148 பேர் ஆதரவு, 45 பேர் எதிர்ப்பு. பொதுநிலையினருள் 132 பேர் ஆதரவு, 74 பேர் எதிர்ப்பு. இந்த மூன்றாஞ் சபையில் ஆறே வாக்குகள் குறைந்தமையால் சட்டமூலம் வீழ்ந்தது.

மறுநாட் பாராளுமன்றத்திலே பிரதமர் டேவிட் கமரூன், திருச்சபை காலத்தோடு சேர்ந்து நடக்கவேண்டும் என்னும் பொருள்படப் பேசினார். பத்திரிகைகள் பலவும் அவ்வாறே எழுதின. வேதாகமத்தை இறுகப் பற்றியவர்கள் பெண்களைத் தடுத்துவிட்டனர், முன்னேற்றத்தை நாடியவர்கள் தோற்றுவிட்டனர் என்பது பொதுமக்கள் கொண்ட எண்ணம். இவ்வெண்ணத்தை மறுத்து ‘த ரைம்ஸ்’ பத்திரிகைக்கு எழுதியவருள் என். ரி. றைற் என்பார் ஒருவர். இவர் 2010 வரை டேர்ஹாம் அத்தியட்சராயிருந்தவர். புதிய ஏற்பாட்டு ஆராய்ச்சியிற் பேர்பெற்றவர். தாமும் சுவிசேஷப் பற்றாளர். முன்னேற்றம் என்னும் பெயரால் வாதாடுவது தவறு; பெண் அத்தியட்சரை நாம் வேண்டுவது வேதாகமம் அதற்கு இடந்தருவதனாலேயே என்பது அவரது கூற்றின் சாரம். இன்றைய பேச்சிலே நாம் விளங்கிக்கொள்ள முயல்வது இந்த நிலைப்பாட்டையே.

சுவிசேஷப் பற்றாளர் என்போர் யாவர்? இவான்ஜெலிக்கல் என ஆங்கிலத்திற் கூறப்படும் இவர்கள் தனியொரு சபையினர் அல்லர். ஆங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்ரிஸ்தர், இரட்சணிய சேனையார் முதலிய பல சபைகளிலும் பரந்துள்ளனர். ஒவ்வொருவரும் மனந்திரும்புதல் வேண்டும், சிலுவை மரணமே மீட்பின் வழி, சுவிசேஷத்தை யாவர்க்கும் அறிவித்தல் கடன், வேதாகமமே இறுதி அதிகாரம் என்பன இவர்கள் வற்புறுத்துவன. இவற்றுள் இறுதியாகச் சொன்னதே இங்கு முக்கியமானது. வேறொரு கிறிஸ்தவர், பவுல் அப்போஸ்தலர் தம் காலத்து வழக்கைச் சொன்னார், நம் காலம் வேறு என்று கூறி அமைந்துவிடலாம். சுவிசேஷப் பற்றாளர் அவ்வாறு அமைய முடியாது. வசனம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை அவர் காட்டியாக வேண்டும்.

இவர்களது வரலாற்றிலே பெண்கள் பேசிய குரல் புதிதன்று. 1761 ஆம் ஆண்டிலே சாரா குரொஸ்பி என்னும் பெண்மணி, தாம் நடத்திய சிறு கூட்டத்துக்கு எதிர்பாராத வகையிற் பெருந்தொகையினர் வந்துவிடவே, பேசலாமா கூடாதா என்று யோன் வெஸ்லிக்கு எழுதிக் கேட்டார். வெஸ்லி தடைசெய்யவில்லை. பத்தாண்டுகளின் பின் மேரி பொசன்கெற் என்பாருக்கு எழுதிய கடிதத்தில், பொது விதிக்குப் புறம்பான தனியழைப்புச் சில பெண்களுக்கு உண்டு என ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர் மறைந்தபின், 1803 இல், மெதடிஸ்த மாநாடு அவ்வாயிலைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. முதலில் ஆர்வம், பின்பு அமைப்பு, அமைப்பு வலுத்ததும் பெண்கள் பின்னிருக்கைக்கு. இந்த ஒழுங்கு வேறு சபைகளிலும் காணப்படுவதே.

அதனை உடைத்தவர் கத்தரின் பூத். 1859 இல் அமெரிக்கப் பெண் போதகரான ஃபீபி பாமர் இங்கிலாந்தின் வடபகுதியிற் பிரசங்கஞ் செய்தபோது, உள்ளூர்ப் போதகர் ஒருவர் அதனைக் கண்டித்தார். கத்தரின் மறுப்பாகச் சிறு நூலொன்று எழுதி வெளியிட்டார். அப்பொழுது அவர் தாமே பிரசங்க மேடை ஏறியதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அடுத்த ஆண்டு, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, கேற்ஸ்ஹெட் நகரிலே தம் கணவர் வில்லியம் பூத்தின் ஆலயத்தில் முதன்முறையாக எழுந்து பேசினார். இவ்விருவராலும் உருவான இரட்சணிய சேனையிலே பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே பதவிகள் திறந்திருந்தன. 1934 இல் அவர்களுடைய மகள் இவாஞ்சலின் பூத் உலகம் முழுவதுக்குமான சேனாதிபதியாகத் தெரிவானார். 1986 இல் அப்பதவிக்கு வந்த அவுஸ்திரேலியரான ஈவா பரோஸ் அம்மையார், அதற்கு முன் 1977 முதல் 1979 வரை இலங்கைச் சேனையின் தலைவராக நம் நாட்டிற் பணிபுரிந்தவர். ஆகவே பெண் தலைமை என்பது நம்மிடையே கேள்விப்படாத புதுமையன்று.

இனி, வேத வசனங்களுக்கு வருவோம். வழக்கின் நடு இதுவே.

எதிர்ப்போர் முதன்மையாகக் காட்டுவது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம், இரண்டாம் அதிகாரம். பெண் உபதேசிக்கவும் ஆண்மீது அதிகாரஞ் செலுத்தவும் பவுல் அங்கே இடங்கொடுக்கவில்லை. தமிழ் வேதாகமத்தில் அதிகாரஞ் செலுத்துதல் என்று பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் ‘ஔதென்றெய்ன்’ என்பது. புதிய ஏற்பாடு முழுவதிலும் இச்சொல் இவ்விடத்தில் மாத்திரமே வருகின்றது. முறையான அதிகாரத்தைக் குறிக்கப் பவுல் பிறவிடங்களில் வேறு சொல்லை ஆளுகிறார். ஆதலின், இங்கே விலக்கப்பட்டது அடக்கியாளுதலும் அதிகாரத்தைப் பறித்தலுமே என்பர் ஆதரவாளர். 1611 ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பிலும் பறித்துக்கொள்ளுதல் என்னும் பொருட்சாயல் உண்டு. எதிர்ப்போரோ சொல்லுக்கு நடுநிலையான பொருளே உண்டென்று பழைய கிரேக்க எழுத்துக்களை எடுத்துக்காட்டுகின்றனர். ஒருமுறை மாத்திரம் வந்த சொல்லைக்கொண்டு எப்பக்கத்தாரும் முடிந்த முடிபு கூறல் அரிது என்றே எமக்குத் தோன்றுகிறது.

இதனினும் வலிய சான்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதினாறாம் அதிகாரத்தில் உள்ளது. வாழ்த்துக் கூறும் பகுதியாதலால் அதனைப் பலரும் விரைந்து கடந்துவிடுவர். அங்கே முதலில் நிற்பவர் பெபேயாள். தமிழ் வேதாகமம் அவரைச் சபையின் ஊழியக்காரி என்கிறது. கிரேக்கத்தில் உள்ள ‘தியாக்கொனொஸ்’ என்னும் அச்சொல்லையே பவுல் தமக்கும் தம் உடன் ஊழியர்க்கும் வழங்குகிறார். சற்றுப் பின்னால் யூனியா என்னும் பெயர் வருகிறது. அப்போஸ்தலருள் பேர்பெற்றவர் என்னும் புகழுரையும் உடன் வருகிறது. யூனியா ஆணா, பெண்ணா?

கிரேக்க மூலத்திற் பெயர் செயப்படுபொருள் வேற்றுமையில் நிற்றலால், மேலே இடும் அழுத்தக்குறி ஒன்றைக் கொண்டே ஆண்பெயரா பெண்பெயரா எனத் துணியவேண்டும். மிகப் பழைய பிரதிகளில் அக்குறிகள் இல்லை. நமது ஏட்டுச் சுவடிகளிற் புள்ளியிடாது எழுதும் வழக்கத்தால் எத்துணைப் பாடபேதங்கள் எழுந்தன என்பதையும், நாவலரும் தாமோதரம்பிள்ளையும் ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு உழைத்தனர் என்பதையும் அறிந்த நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. (நாவலர் அவர்கள் பேர்சிவல் பாதிரியாருடன் வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பிலும் உழைத்தவர் என்பது இங்கு நினைவுக்கு வருகிறது.) நாலாம் நூற்றாண்டிலே யோவான் கிறிசோஸ்தோம் யூனியாவைப் பெண்ணாகவே கொண்டு, அப்போஸ்தலப் பெயருக்கு உரியவளாயினாள் என்று வியந்து போற்றியுள்ளார். இவர் பெண்களுக்குப் பரிந்து பேசும் இயல்பினர் அல்லர் என்பதால் அவர் சான்று மேலும் வலிதாகின்றது. பிற்காலத்தாரே, பெண்ணொருத்தி அப்போஸ்தலராதல் கூடாது என்று கருதி, யூனியாஸ் என ஓர் ஆணைப் படைத்துக்கொண்டனர். உரோமாபுரிக் கல்வெட்டுக்களில் யூனியா என்னும் பெண்பெயர் 250 தடவைக்கு மேற் காணப்படுகிறது. யூனியாஸ் என்னும் ஆண்பெயரோ காணப்படவில்லை. சுவிசேஷப் பற்றாளர் பெரிதும் விரும்பிப் படிக்கும் ‘நியூ இன்ரநாஷனல்’ என்னும் ஆங்கில மொழிபெயர்ப்பு 1978 இல் யூனியாஸ் என அச்சிட்டது. 2011 ஆம் ஆண்டுப் பதிப்பிலோ யூனியா என்று திருத்தியது. ஓர் எழுத்து நீங்கிற்று. ஓர் அப்போஸ்தலப் பெண் மீண்டும் தோன்றினாள்.

அப்போஸ்தலருள் பேர்பெற்றவர் என்பதற்கு, அப்போஸ்தலரால் நன்கு அறியப்பட்டவர் என்று பொருள்கொள்வாரும் உளர். அவர் பொருளை ஏற்பினும், பிரிஸ்கில்லாள் தன் கணவனோடு சேர்ந்து அப்பொல்லோவுக்கு உபதேசித்தமையும், உயிர்த்தெழுந்த இயேசுவைப் பற்றிச் சீடர்க்கு முதலில் அறிவிக்குமாறு மகதலேனா மரியாள் அனுப்பப்பட்டமையும், இஸ்ரவேலருக்குத் தெபொராள் நியாயாதிபதியாயிருந்தமையும் எஞ்சி நிற்கும். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்திலே பெண்கள் சபையிற் பேசாதிருக்கவேண்டும் என்று பதினாலாம் அதிகாரங் கூறுகிறது. அந்நிருபமே பதினோராம் அதிகாரத்தில், ஜெபம்பண்ணித் தீர்க்கதரிசனஞ் சொல்லும் பெண் தலையை மூடிக்கொள்ளல் வேண்டும் என்கிறது. வாய்திறக்கவே கூடாதவள் எவ்வாறு தீர்க்கதரிசனஞ் சொல்வாள்? ஆகவே மௌனக் கட்டளை குறித்ததொரு குழப்பத்துக்கே உரியது என ஆதரவாளர் உரைப்பர்.

இவ்வாராய்ச்சி ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஃப். எஃப். புரூஸ், பெண்கள் கூட்டத்திற் பேசுதலைப் பொதுவாக ஏற்காத சகோதர சபையைச் சேர்ந்தவர். அவரே கலாத்தியர் நிருபத்துக்கு 1982 இல் எழுதிய உரையில், கிறிஸ்துவுக்குள் ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமையில்லை என்னுங் கருத்தே அளவுகோல், ஏனைய கட்டுப்பாடுகள் அதற்கமையப் பொருள்கொள்ளற்பாலன என்று துணிந்தார். இலண்டனில் யோன் ஸ்ரொற் இடைவழி ஒன்றில் நின்றார். பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கலாம். ஆயினும் குழுவின் தலைமை ஆணிடம் இருப்பது நன்று என்பது அவர் நிலை. அமெரிக்காவில் இருதரப்பாரும் தனித்தனி அமைப்புக் கண்டனர். ஆணின் தலைமையை வற்புறுத்தும் மன்றம் 1987 இலும், வேத அடிப்படையிற் சமத்துவங் கோரும் மன்றம் 1988 இலும் தோன்றின. முன்னதிலும் கற்றறிந்த பெண்கள் உளர். அவர்களைக் காலத்தாற் பின்தங்கியோர் என ஒரு சொல்லால் ஒதுக்குதல் முறையன்று.

இங்கிலாந்துத் திருச்சபை பெண்களைக் குருமாராக்க 1992 இல் இணங்கிற்று. 1994 மார்ச் மாதம் பிரிஸ்ரல் பேராலயத்திலே 32 பெண்கள் முதன்முதற் குருப்பட்டம் பெற்றனர். அக்காலத்துக் கன்டர்பரி தலைமை அத்தியட்சரான ஜோர்ஜ் கேரி சுவிசேஷப் பற்றாளர். அம்மாற்றத்துக்காக உறுதியாக உழைத்தவர். ஏட்டில் நடந்த வாதத்துக்கு அதன்பின் அனுபவமுந் துணைவந்தது. பெண் குருவின் பிரசங்கத்தால் மனந்திரும்பியோரைக் கண்ணாற் காணும் சபையார்க்கு, இவ்வூழியம் தேவனுடையதன்று என்று சொல்லுதல் கடினமாயிற்று.

இப்பொழுது 2012 இன் ஆறு வாக்குகளுக்கு மீள்வோம். எதிர்த்த 74 பேரும் ஒரே மனத்தினர் அல்லர். கத்தோலிக்க மரபைப் பேணும் ஆங்கிலிக்கர் ஒருசாரார்; கண்டிப்பான சுவிசேஷப் பற்றாளர் மற்றொருசாரார். பெண் அத்தியட்சரை விரும்பியுங்கூட, மறுப்போரது மனச்சான்றுக்குப் போதிய காப்பு இல்லை எனக் கண்டு எதிர்த்தோருஞ் சிலர் இருந்தனர். அன்று தலைமைப் பதவிக்கு நியமனம் பெற்றிருந்த ஜஸ்ரின் வெல்பியும் சுவிசேஷப் பற்றாளரே. விவாதத்திலே அவர் சட்டமூலத்தை ஆதரித்துப் பேசினார். பதவியேற்றபின் இருசாராரையும் நேரிற் சந்தித்துப் பேசச்செய்தார். புதிய சட்டமூலத்தோடு ஐந்து நெறிகள் வகுக்கப்பட்டன. பெண் அத்தியட்சர் சட்டப்படி உண்மையான அத்தியட்சரே என்பதை யாவரும் ஏற்கவேண்டும். அதேவேளை மறுப்போர்க்கும் திருச்சபையில் நிலையான இடமுண்டு. 2014 யூலை 14 ஆந் திகதி யோர்க் நகரில் வாக்கெடுப்பு நடந்தது. பொதுநிலையினருள் 152 பேர் ஆதரித்தனர். 45 பேரே எதிர்த்தனர். ஆண் தலைமையைக் கொள்வோர்க்கென 2015 இல் மெயிட்ஸ்ரன் அத்தியட்சர் ஒருவரும் நியமிக்கப்பட்டார்.

2015 ஜனவரி 26 ஆந் திகதி, யோர்க் பேராலயத்திலே லிபி லேன் அம்மையார் ஸ்ரொக்போட் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபையின் முதற் பெண் அத்தியட்சர் அவரே. இது உங்களுக்குச் சம்மதமா என்று தலைமை அத்தியட்சர் சென்டாமு சபையாரை வினவியபோது, குருவொருவர் எழுந்து, இது வேதாகமத்தில் இல்லை என்று உரத்துக் கூறினார். சென்டாமு அமைதியாக விளக்கம் வாசித்து, மீண்டும் அதே வினாவைக் கேட்டார். பேராலயம் நிறையச் சம்மதக் குரல் எழுந்தது.

2025 அக்டோபர் 3 ஆந் திகதி, முன்னாளில் இங்கிலாந்தின் தலைமைத் தாதியாயிருந்த சாரா முல்லாலி அம்மையாரின் பெயர் கன்டர்பரி தலைமைப் பதவிக்கு அறிவிக்கப்பட்டது. பெண்ணொருவர் அப்பதவிக்குத் தெரிவானது அதுவே முதன்முறை. ஆபிரிக்க அத்தியட்சர் பலர் அங்கம் வகிக்கும் கஃப்கொன் அமைப்பு உடனே ஆட்சேபந் தெரிவித்தது. அவ்வாட்சேபத்தில் இரு பொருள்கள் கலந்திருந்தன: அவர் பெண் என்பது ஒன்று; ஒருபாற் சோடிகளுக்கு ஆசீர்வாதம் வழங்குவதுபற்றி அவர் கொண்ட நிலை மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து நோக்குதல் அவசியம். பெண் தலைமையை வேதத்தைக் கொண்டே நாட்டிய சுவிசேஷப் பற்றாளர் பலர், இரண்டாவது விடயத்தில் அதே வேதத்தைக் காட்டி அவருடன் முரண்படுகின்றனர். ஆபிரிக்காவும் ஒரே குரலிற் பேசவில்லை. சுவிசேஷ எழுச்சியின் வழிவந்த கென்யாவிலே, 2021 ஆம் ஆண்டு றோஸ் ஒக்கேனோ அம்மையார் புற்றேரே மறைமாவட்டத்தின் அத்தியட்சராகப் பதவியேற்றார்.