‘தோள்பட்டை ஜவ்வு கிழிஞ்சிருக்கு’: ஆபரேஷன் தேவையா? ஆய்வுகள் சொல்வது என்ன?

காலை 7 மணி. மறைமலைநகர் ஸ்டேஷனில் தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறுகிறீர்கள். உட்கார இடம் கிடைக்காது, அது தெரிந்த விஷயம்தான். மேலே தொங்கும் கைப்பிடிக்காகக் கையைத் தூக்குகிறீர்கள். பாதி தூரம் வரை ஒன்றும் இல்லை. தோள் உயரத்தை நெருங்கும்போது சுருக்கென்று ஒரு வலி. அதைத் தாண்டி முழுசாகத் தூக்கிவிட்டால் வலி குறைகிறது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. சட்டை மாட்டவும் கஷ்டம்.

மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். ரிப்போர்ட்டில் ‘பார்ஷியல் டேர்’ என்று ஒரு வரி இருக்கும். வீட்டில் அது ‘ஜவ்வு கிழிஞ்சிருக்காம்’ என்று ஆகிவிடும். கிழிந்ததைத் தைக்கத்தானே வேண்டும்? அப்படித்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் கடந்த பத்து ஆண்டுகளில் வந்த முக்கியமான ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தலைக்கு மேல் கையைத் தூக்கி போல்ட் முடுக்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு, ஆபரேஷன் என்றால் பல வாரம் வேலைக்குப் போக முடியாது, கடனும் வாங்க வேண்டியிருக்கும். அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

தோளுக்குள் என்ன இருக்கிறது?

தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் கை எலும்பின் உருண்டைத் தலையைச் சட்டையின் கஃப் மாதிரி சுற்றிப் பிடித்திருக்கும். அதனால்தான் ‘ரொட்டேட்டர் கஃப்’ என்று பெயர். நாம் ஜவ்வு என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தசைநாணைத்தான். இதற்கு மேலே கூரை மாதிரி ஒரு எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் அக்ரோமியன்.

1972-ல் அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர் சார்லஸ் நீர் ஒரு விளக்கம் சொன்னார். கையைத் தூக்கும்போது அந்தக் கூரை எலும்பு கீழே உள்ள தசைநாணை உரசுகிறது, அதுதான் வலிக்கும் கிழிசலுக்கும் காரணம் என்றார். எலும்பின் அடிப்பக்கத்தைச் செதுக்கி இடம் உண்டாக்கிவிட்டால் பிரச்சினை தீரும். கேட்கும்போதே புரிந்துவிடுகிற விளக்கம். பின்னாளில் இதைச் சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டே செய்ய முடிந்தது. உலகம் முழுக்க லட்சக்கணக்கானோருக்கு இந்த ஆபரேஷன் நடந்தது. செய்துகொண்ட பலருக்கும் வலி குறைந்தது என்பதும் உண்மை.

ஆனால், எலும்பைச் செதுக்கியதால்தான் குறைந்ததா?

கேமரா மட்டும் விட்டு வெளியே வந்த டாக்டர்கள்

இந்தக் கேள்வியை நேராகவே கேட்டுப் பார்த்தது பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நடத்திய ‘சீசா’ ஆய்வு. ‘தோள்பட்டை ஆர்த்ராஸ்கோபி வேலை செய்யுமா?’ என்ற கேள்வியின் சுருக்கம்தான் அந்தப் பெயர். 32 மருத்துவமனைகள், 313 நோயாளிகள். எல்லாருக்கும் குறைந்தது 3 மாதமாக வலி. உடற்பயிற்சி, ஸ்டீராய்டு ஊசி இரண்டையும் ஏற்கெனவே பார்த்தவர்கள்.

குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு உண்மையான ஆபரேஷன். இரண்டாவது குழுவுக்குத் துளை போட்டு, கேமரா விட்டு, உள்ளே பார்த்துவிட்டு, எதையும் செதுக்காமல் மூடிவிட்டார்கள். தனக்கு நடந்தது எது என்று நோயாளிக்குத் தெரியாது. தழும்பும் ஒரே மாதிரிதான். மூன்றாவது குழுவுக்கு எந்தச் சிகிச்சையும் இல்லை, கண்காணிப்பு மட்டும்.

(உள்ளே விட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் மூடுவது ஏமாற்று இல்லையா என்று எனக்கும் முதலில் தோன்றியது. நோயாளிகளிடம் முன்பே விளக்கிச் சம்மதம் வாங்கி, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் இதைச் செய்தார்கள். எந்தக் குழு என்பது மட்டும்தான் ரகசியம்.)

6 மாதம் கழித்து 48-க்கு எவ்வளவு என்று தோளுக்கு மதிப்பெண் போட்டார்கள். மதிப்பெண் கூடினால் தோள் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். செதுக்கியவர்களுக்குச் சராசரி 32.7. கேமரா மட்டும் விட்டவர்களுக்கு 34.2. சிகிச்சையே இல்லாதவர்களுக்கு 29.4. அதாவது உண்மை ஆபரேஷனுக்கும் ‘சும்மா’ ஆபரேஷனுக்கும் வித்தியாசமே இல்லை. ஒன்றும் செய்யாதவர்களைவிட இரண்டு குழுவும் கொஞ்சம் மேல்தான். ஆனால் நோயாளி தினசரி வாழ்க்கையில் உணரும் அளவுக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை. 2017 நவம்பரில் ‘லான்செட்’ இதை வெளியிட்டது.

இந்த ஆய்வில் ஒரு ஓட்டையும் உண்டு. குலுக்கலில் விழுந்த சிகிச்சையை எல்லாரும் 6 மாதத்துக்குள் பெற்றுவிடவில்லை. ஆனால் அடுத்த வருடமே பின்லாந்தில் 210 பேரை 2 வருடம் பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வு வந்தது. அதிலும் உண்மை ஆபரேஷன், கேமரா மட்டும் விட்ட ‘சும்மா’ ஆபரேஷனைவிடப் பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. 2019-ல் ‘பிஎம்ஜே’ இதழின் நிபுணர் குழு, இந்த வகை வலிக்கு எலும்பு செதுக்கும் ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத்தமாகவே பரிந்துரைத்தது.

அப்ப ஸ்கேன்ல வந்த கிழிசல்?

கிழிசல் பொய் இல்லை. ஆனால் வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் 40 முதல் 70 வயது வரையிலான 51 ஆண்களுக்கு அல்ட்ராசவுண்ட் செய்து பார்த்தார்கள். யாருக்கும் தோளில் வலியே கிடையாது. ஆனால் 96 சதவீதம் பேரின் ஸ்கேனில் ஏதாவது ஒரு மாற்றம் தெரிந்தது. 22 சதவீதம் பேருக்குத் தசைநாணில் பகுதிக் கிழிசலும் இருந்தது. முடி நரைக்கிற மாதிரி, தசைநாணுக்கும் வயதாகிறது.

வேறு என்னதான் செய்வது?

முதல் பதில் உடற்பயிற்சி. இதிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. பிரிட்டனில் 708 பேரை வைத்து நடந்த ‘கிராஸ்ப்’ ஆய்வு 2021-ல் வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பிசியோதெரபிஸ்டுடன் 6 அமர்வு வரை. மற்றவர்களுக்கு ஒரே ஒரு அமர்வு. அதில் நன்றாக விளக்கிச் சொல்லி, வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, கையேடு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 12 மாதம் பார்த்ததில் இரண்டு பிரிவினரும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள்.

ஷிஃப்டு முடித்துவிட்டு வாரம் மூன்று தடவை கிளினிக்குக்கு அலைய முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி. ஒருமுறை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு, எலாஸ்டிக் பேண்டோ தண்ணீர் பாட்டிலோ வைத்து, வீட்டிலேயே விடாமல் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். ‘விடாமல்’ என்பதில்தான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். பயிற்சியின்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டியதில்லை. மறுநாளும் வலி கூடிக்கொண்டே போனால் எடையைக் குறைக்க வேண்டும்.

‘ஒரு ஊசி போட்டா சரியாயிடும்’ என்பார்கள். அதே ஆய்வில் ஸ்டீராய்டு ஊசியையும் சோதித்தார்கள். 8 வாரத்தில் கொஞ்சம் பலன் தெரிந்தது, வருடக் கடைசியில் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் இல்லை. தூங்கவே முடியாத வலிக்கு அந்தச் சில வார நிம்மதி உதவலாம்தான். ஆனால் சர்க்கரை நோய் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாள்களுக்குச் சர்க்கரை எகிறும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகிப்போகும் ‘ஃப்ரோஸன் ஷோல்டர்’ வருகிற வாய்ப்பும் அதிகம். அது வேறு நோய், வைத்தியமும் வேறு.

நம் ரத்தத்தையே எடுத்துப் பிரித்துச் செலுத்தும் பிஆர்பி ஊசிக்கு இப்போது விளம்பரம் ஜாஸ்தி. துருக்கியில் 40 பேருக்கு நடந்த ஆய்வில், ஒரு வருடக் கடைசியில் அது உப்புத் தண்ணீர் ஊசியைவிட மேலாக இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் பர்ஸைத் திறக்கும் முன் யோசிக்க இது போதும்.

ஆபரேஷனே வேண்டாமா?

அப்படி இல்லை. மேலே சொன்னதெல்லாம் எலும்பைச் செதுக்கும் ஆபரேஷன் பற்றி. முழுசாக அறுந்த தசைநாணைத் தைப்பது வேறு. பைக்கிலிருந்து விழுந்தோ, கனமான பொருளைத் திடீரென்று தூக்கியோ, அதற்குப் பிறகு கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் தாமதிக்காமல் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நார்வேயில் 103 பேரை 10 வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், தைத்துக்கொண்டவர்கள் பிசியோதெரபி மட்டும் எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். அதேசமயம், அடிபடாமல் வயதால் முழுசாகக் கிழிந்த 452 பேருக்கு அமெரிக்காவில் முதலில் உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது, 2 வருடத்தில் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. யாருக்கு எது என்பதை வயது, வேலை, கிழிசலின் அளவு எல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். டாக்டரிடம் கேட்க வேண்டியது இதுதான்: ‘எலும்பைச் செதுக்கப் போறீங்களா, தசைநாணைத் தைக்கப் போறீங்களா? மூணு மாசம் பயிற்சி செஞ்சு பார்த்துட்டு வந்தா ஏதாவது கெட்டுப்போகுமா?’

இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 108-ஐ அழையுங்கள். அது தோள் பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம்.

நம்ம ஊரில் ஆய்வுக்குக் கூப்பிட்டால்?

மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் எல்லாம் வெளிநாட்டில் நடந்தவை. தரையில் உட்கார்ந்து எழுந்து, குடம் தூக்கி, உயரத்தில் துணி காயப்போடுகிற நம் தோள்களுக்கு அதே பயிற்சி அப்படியே பொருந்துமா என்பதை இங்கேதான் சோதிக்க வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரிகளுக்கும் பிசியோதெரபி கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. அதனால் ‘தோள் வலி ஆய்வில் சேர்றீங்களா?’ என்று உங்களையே யாராவது கேட்கலாம்.

கேட்டால் பயப்படவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். ஐசிஎம்ஆர் 2007 முதல் ‘சிடிஆர்ஐ’ என்ற இணையதளத்தில் மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்து வருகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எத்தனை பேர், எந்த மருத்துவமனை, எதை எதனோடு ஒப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சம்மதப் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். நடுவில் பிடிக்கவில்லை என்றால் காரணம் சொல்லாமலே விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது. ஆய்வுக்காகக் கொடுக்கும் சிகிச்சைக்கு உங்களிடமே பெரிய தொகை கேட்டால், பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.