மாசி மாதத்துப் பறவைக் குரல்கள்

ஸ்ரீவராகம், கோட்டைப் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு வெள்ளாயணி ஏரி தெரியும். அதை ஒட்டிய புஞ்சக்கரி வயல்வெளியைப் பற்றிக் கேட்டால் "கேள்விப்பட்டிருக்கேன்" என்பார்கள். கோட்டைக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரம்தான். மாசி மாதத்து விடியற்காலையில் அந்த வரப்புகளில் நடந்து, காதில் விழும் பறவைக் குரல்களைக் கைப்பேசியில் பதிவு செய்வது என் வழக்கம். அதன் முறையையும் பயனையும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஏன் மாசி? வடக்கேயிருந்து வந்த வாலாட்டி, தகைவிலான், நீலவால் பஞ்சுருட்டான் எல்லாம் திரும்பிப் போக இன்னும் சில வாரங்கள் இருக்கும். அதே சமயம் உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டும் பருவத்தை நெருங்கிப் பாடத் தொடங்கும். பனிக்காலத்தில் அதிகம் பாடாத குண்டுகரிச்சான் இப்போது கம்பி மேல் உட்கார்ந்து பாடும். ஆக, இரு கூட்டத்தாரின் குரலும் ஒரே நடையில் கிடைக்கும்.

பறவைக் குரல் பதிவு நமக்கு அந்நியமானதல்ல. 1889-இல் ஜெர்மனியில் லுட்விக் காக் என்ற சிறுவன் எடிசனின் கருவியில் பதிவு செய்ததே இன்று நாம் அறிந்தவற்றுள் மிகப் பழையது. அதில் பாடியது ஒரு சோலைபாடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் இனம்!

முறை எளிது. சூரியோதயத்தை ஒட்டிய இரண்டு மணி நேரம் உகந்தது. அழைப்பு வராதபடி கைப்பேசியை அமர்த்திவிடுங்கள். நடந்துகொண்டே பதிவு செய்தால் காலடிச் சத்தம்தான் மிஞ்சும். நின்று, காற்றுக்கு முதுகைக் காட்டி, ஒலிவாங்கியைப் பறவையின் பக்கம் திருப்புங்கள். எம்பி3 நுண்ணிய ஒலிகளைக் கழித்துவிடும். 'வேவ்' வடிவமே நல்லது. முடிவில் நாள், நேரம், இடம், தெரிந்தால் பறவையின் பெயர் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். பதிவை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைக்காதீர்கள். எதிரி வந்ததாக எண்ணி, அது கூட்டை விட்டுச் சண்டைக்கு வரும். 2021-இல் வந்த 'மெர்லின்' ஒலி அடையாள வசதி பெயர் சொல்லும். ஆனால் அதுவும் தவறும், கண்ணாலும் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

இதனால் என்ன பயன்? சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுத்து எழுதி வைத்ததால்தான் இன்று ஒப்பிட முடிகிறது. 2015 முதல் 2020 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய கேரளப் பறவை வரைபடத்தில் 361 இனங்கள் பதிவாயின. நெல்வயலைக் காக்க 2008-இலேயே கேரளத்தில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஒரு வயல் தூர்ந்து வீடாகிவிட்டால், அங்கே எந்தப் பறவை கூவியது என்பதற்குப் பதிவுதான் சாட்சி.

நமக்கு இன்னொரு காரணமும் உண்டு. செம்போத்து இரு மொழிக்கும் பொதுவான பெயர். ஆனால் நம் ஆள்காட்டி இங்கே தித்திரி, குண்டுகரிச்சான் மண்ணாத்திப்புள்ளு. பிள்ளைகள் பள்ளியில் மலையாளப் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் கற்கிறார்கள். தமிழ்ப் பெயர் நாம் சொன்னால்தான் உண்டு. பதிவின் முடிவில் அதை அவர்களையே சொல்ல வையுங்கள்.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகப் பறவைக் கணக்கெடுப்பில் 2013 முதல் இந்தியர்களும் பங்கேற்கிறார்கள். பதினைந்து நிமிடம் போதும், மொட்டை மாடியிலிருந்தும் செய்யலாம். 'இ-பேர்டு' தளத்தில் பட்டியலோடு ஒலிப்பதிவையும் சேர்க்கலாம். குடும்பத்தோடு ஒரு காலை வேளையை இதற்கு ஒதுக்குங்கள்.