உவர் நிலத்தில் தீவன விதை

கடலோர வட்டாரங்களில் தீவனச் சோளம் விதைத்து, முளைப்புக் காணாமையால் நிலத்தைக் கைவிட்ட குடியானவர்கள் பலரை நாம் அறிவோம். "இந்த மண்ணில் புல்லும் முளைக்காது" என்று முடிவு கட்டிவிட்டு, கறவை மாட்டுக்கு வைக்கோலை விலை கொடுத்து வாங்குகின்றனர். அம்முடிவு பெரும்பாலும் அவசர முடிவே ஆகும். குற்றம் மிகுதியும் மேல் இரண்டு அங்குல மண்ணில்தான் இருக்கிறது.

கோடையில் நிலத்தடி ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறி ஆவியாகிறது. அது சுமந்து வந்த உப்பு மேற்பரப்பில் தங்கிவிடுகிறது. விதை விழுவதும் அவ்விடத்திலேயே. உப்புக் கரைந்த நீரை விதையால் எளிதில் உறிஞ்ச இயலாது. ஆகவே ஈரத்தில் கிடந்தும் அது தாகத்தால் வாடும். தப்பி முளைத்த நாற்றின் தளிரிலோ சோடியமும் குளோரைடும் சேர்ந்து இலை நுனியைக் கருக்கும். வளர்ந்த பயிரின் வேர், கீழே உப்புக் குறைந்த மண்ணை நாடிச் செல்லும். ஒரு வார நாற்றுக்கு அந்த வல்லமை ஏது?

மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கு மேற்பட்டால் அது உவர் நிலம். சோளம் ஏறத்தாழ 6.8 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். குதிரைமசாலுக்கு 2-க்கு மேலேயே விளைச்சல் குறையத் தொடங்கும். இவை வேரூன்றிய பயிருக்குரிய அளவுகள் என்பதை மறத்தலாகாது. வடநாட்டில் தீவனமாகவும் பயிராகும் பார்லி 8 வரை தாங்குவதாயினும், நாற்றுப் பருவத்தில் 4 அல்லது 5-க்கு மேல் தாங்குவதில்லை.

ஆறு அங்குலம் வெட்டி எடுத்துக் கலந்த மண் மாதிரி இவ்வுண்மையை மறைத்துவிடும். மேலோட்டு மண்ணைத் தனியே எடுத்து ஆய்வுக்கு அனுப்புதல் நலம். வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம்: வயலின் மேல்மண் ஒரு சட்டியிலும் நல்ல மண் மற்றொன்றிலும் இட்டு, நூறு நூறு விதை ஊன்றி, நல்ல நீர் தெளித்துப் பத்து நாளில் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டிலும் முளைப்புக் குறைந்தால் பழுது விதையினுடையது.

உப்பைக் கழுவ மழையே சிறந்த துணை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உப்புநீர் பாய்ந்த நாகை மாவட்ட வயல்கள் பலவற்றை 2005-ஆம் ஆண்டின் பெருமழை கழுவித் தந்தது. எனவே வரப்பைச் செம்மை செய்து, மழைநீரைத் தேக்கி, பின் வடித்துவிட்டு விதைத்தல் வேண்டும். வடிகால் இன்றேல் உப்பு திரும்பவும் மேலேறும். பாரின் உச்சியில் உப்புத் திரளுமாதலால் விதையைப் பக்கச் சரிவில் ஊன்றுக. முதல் மூன்று வாரம் மேல்மண் காயாதபடி அடிக்கடி இலேசாக நீர் பாய்ச்சுவதும் தேவை. எருமைப்புல்லைத் தண்டுத் துண்டுகளாக நடலாம். முளைப்புப் பருவத்தின் இடரே அதற்கு இல்லை.

களர் நிலத்தின் கதை வேறு. அங்குச் சோடியம் மண்ணை இறுக்கிவிடுவதால், ஜிப்சம் இட்ட பிறகே கழுவுதல் பயன் தரும்.

உவரால் குன்றிய இளஞ்சோளத்தில் நச்சுப்பொருள் மிகுந்திருக்கக்கூடும். ஆதலின் பூக்கும் முன் அதில் மாட்டை மேயவிடலாகாது.