கூடைப்பந்தில் எல்லைக்கோடும் பந்தெறிதலும்

மூவார் நகரின் சீனப் பள்ளிகளில் கூடைப்பந்து நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகிறது. சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து நகரத்திற்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளும் இவ்வாட்டத்தில் பங்கு பெறலாம். ஆனால், எல்லைக்கோட்டின் விதியை அறியாது களமிறங்கினால் வீண் வாக்குவாதமே மிஞ்சும்.

நாம் நன்கறிந்த காற்பந்து, பூப்பந்து, செப்பாக் தக்ரோ ஆகிய ஆட்டங்களில் கோடும் களத்தைச் சேர்ந்தது. கோட்டின்மேல் விழுந்த பந்து உள்ளே விழுந்ததாகும். கூடைப்பந்திலோ இது நேர்மாறு. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள களம், கோட்டின் உள்விளிம்போடு முடிந்துவிடுகிறது. 5 செண்டிமீட்டர் அகலமுள்ள கோடு வெளியிடமே. பந்தை வைத்திருப்பவரின் கால்விரல் கோட்டில் பட்டாலும் பந்து வெளியேறியதாகும்.

எனினும், கோட்டைக் கடந்து காற்றில் செல்லும் பந்து வெளியேறியதன்று. களத்தினுள்ளிருந்து தாவிய ஆட்டக்காரர், வெளியே கால் ஊன்றுமுன் அதனை உள்ளே தட்டிவிடலாம். தாவியவர், தாம் இறுதியாகத் தரையைத் தொட்ட இடத்திலேயே இருப்பதாக விதி கருதுகிறது.

வெளியேறிய பந்து யாருக்குரியது? 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் இவ்வாட்டத்தைத் தோற்றுவித்த ஜேம்ஸ் நைஸ்மித், அதனை முதலில் தொட்டவருக்கே உரிமை என்று வகுத்தார். அதனால் ஆட்டக்காரர்கள் பந்தை நோக்கி முண்டியடித்து மோதிக்கொண்டனர். 1913இல் அவ்விதி மாறியது. இறுதியாகத் தொட்டவரின் எதிரணிக்கே பந்து என்பது அன்றுமுதல் முறையாயிற்று.

பந்தெறிபவர், நடுவரிடமிருந்து பந்தைப் பெற்ற 5 விநாடிகளுக்குள் எறிந்துவிட வேண்டும். இக்கால வரம்பு நைஸ்மித்தின் முதல் விதிகளிலேயே உள்ளது. பக்கவாட்டில் 1 மீட்டருக்கு மேல் நகரக் கூடாது, பின்னோக்கிச் செல்லலாம். பந்தைக் கைவிடுமுன் களத்தினுள் கால் வைத்தலும், நேரே கூடைக்குள் எறிதலும் குற்றமாகும். கோட்டை மிதித்து நிற்பது குற்றமன்று; கோடு வெளியிடமன்றோ! எதிரணியினரும், பந்து உள்ளே வருமுன் கோட்டுக்கு அப்பால் கை நீட்டலாகாது.

எதிரணி கூடையில் பந்தைப் போட்டபின், கடைக்கோட்டுக்குப் பின்னே எவ்விடத்திலிருந்தும் எறியலாம். அப்போது 1 மீட்டர் வரம்பு இல்லை. 5 விநாடி வரம்பு மட்டும் உண்டு.

ஆட்டம் முடிய ஓரிரு விநாடிகளே இருக்கையில், கோட்டில் பட்ட ஒரு கால்விரல் வெற்றியைப் பறித்துவிடக்கூடும். ஆகவே, பயிற்சியின் முதல் நாளிலேயே இளைஞர்கள் இவ்விதிகளை மனத்தில் இருத்திக்கொள்வது நன்று. விதியை அறிந்தவர் நடுவரின் விசிலுக்குச் சினம் கொள்ளார். அடுத்த எறிதலுக்கு ஆயத்தமாவார்.