பல் உறையா, பல் செட்டா? மூத்தோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்த பேராக் மாநிலத் தமிழர் பலர் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள். அந்நாளில் பல் வலித்தால் பிடுங்கிவிடுவதே வழக்கம். குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதும் நாடு தழுவிய திட்டமாக 1972இல்தான் தொடங்கியது. கடைவாய்ப் பற்களை இழந்துவிட்டு, "இந்த வயதில் பல் எதற்கு?" என்று இருப்பவர்கள் நம்மிடையே உண்டு. மெல்ல முடியாதவர் காய்கறி, பருப்பு, இறைச்சியைக் குறைத்துக்கொண்டு ரொட்டி, பிஸ்கட், கஞ்சி என்று மாறிவிடுகிறார். இனிப்பு நீர் உள்ளவருக்கு அது கேடு.

அதற்காக 32 பற்களையும் கட்ட வேண்டியதில்லை. மேலும் கீழும் பொருந்தும் 20 பற்கள் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதும். பின்னால் ஒரு பல் மட்டும் இல்லை, மெல்லுவதில் சிரமமும் இல்லை என்றால் அப்படியே விடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வேர் உறுதியாக இருந்தால்

பல் உடைந்திருந்தாலும் வேரும் ஈறும் நன்றாக இருந்தால் அதைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். பல்லைச் சுற்றிலும் சற்றுச் செதுக்கி, அதன்மேல் தொப்பி போல் உறை மாட்டலாம். வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் எளிதில் பிளந்துவிடும். அதற்கு உறை பெரும்பாலும் அவசியம். உலோக உறை உறுதியானது, பின்பற்களுக்கு ஏற்றது. முன்பல்லுக்குப் பல் நிறமுள்ள பீங்கான் உறை பொருந்தும். ஆடுகிற பல்லுக்கு உறை போடுவது வீண் செலவு.

ஒரு பல் இல்லாத இடத்தில் இருபக்கப் பற்களையும் தாங்கலாக வைத்துப் 'பாலம்' கட்டலாம். ஆனால் அதற்கு நல்ல பற்களையும் செதுக்க நேரும். பக்கத்துப் பற்களில் சொத்தையே இல்லை என்றால் இருமுறை யோசியுங்கள்.

கழற்றி மாட்டும் பல் செட்டு

பல பற்கள் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே பொருத்தம். பல் பிடுங்கிய இடம் ஆற வேண்டும். எலும்பும் சில மாதங்களுக்குச் சுருங்கிக்கொண்டிருக்கும். ஆகவே உடனே செய்த செட்டு பிறகு தளர்ந்துபோகும், சரிசெய்ய வேண்டிவரும். முதல் சில வாரங்கள் வாயில் எதையோ அடைத்துக்கொண்டது போல் இருக்கும், பேச்சும் குழறும். இட்லி, மீன், வெந்த காய் என்று தொடங்கி, இருபக்கமும் மென்று பழகுங்கள். ஈப்போ புந்தோங் கச்சாங் பூத்தேயைச் சில மாதங்களுக்கு மறந்துவிடுவது நல்லது! கீழ்த்தாடை முழுச் செட்டு மேல்செட்டு அளவுக்குப் பிடித்து நிற்காது. அது பலருக்கும் உள்ள குறைதான். புண்ணாக்கினால் நீங்களே அரத்தால் ராவாதீர்கள், கொண்டு வாருங்கள்.

இரவில் கழற்றி, சோப்பும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, குளிர்ந்த நீரில் போட்டு வையுங்கள். கொதிநீர் ஊற்றினால் செட்டு வளைந்துவிடும். இரவும் பகலும் மாட்டியே இருந்தால் அண்ணத்தில் பூஞ்சைத் தொற்று வந்து சிவந்துபோகும்.

தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்துப் பல் கட்டும் முறையும் உண்டு. செலவு அதிகம், எலும்போடு ஒட்டவும் மாதக்கணக்காகும். இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாதவருக்கும் புகைபிடிப்பவருக்கும் அது தோல்வியடையும் வாய்ப்பு கூடுதல்.

வெற்றிலை போடுபவரா?

இதை மறைக்காமல் சொல்லுங்கள். பாக்கு நெடுங்காலம் மெல்லுபவருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி, வாய் திறப்பதே குறைந்துபோகலாம். அப்போது பல் செட்டுக்கு அச்சு எடுக்கவே முடியாது. அதைவிடப் பெரிய கவலை வாய்ப் புற்றுநோய். மலேசியாவில் அது இந்தியர்களிடையே அதிகம் காணப்படுகிறது; பாக்கும் புகையிலையும் முக்கியக் காரணங்கள். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தால், "செட்டு உரசியிருக்கும்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வலி இல்லாவிட்டாலும் காட்டுங்கள்.

வீட்டுக்கு வந்து பல் கட்டுபவர்கள்

குறைந்த விலையில், ஒரே நாளில், கழற்ற வேண்டாத பல் கட்டித் தருவதாகச் சிலர் வீடு தேடி வருகிறார்கள். பக்கத்துப் பற்களோடு பிசினால் ஒட்டிவிடுவதால் அடியில் உணவு அழுகி, நல்ல பற்களும் சேர்ந்தே போய்விடும். மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெறாதவர் பல் சிகிச்சை செய்வது 2018ஆம் ஆண்டு பல் மருத்துவச் சட்டப்படி குற்றம். கிளினிக் சுவரில் மருத்துவரின் அவ்வாண்டு உரிமச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அரசாங்கப் பல் கிளினிக்கிற்கு வரும்போது மைகார்ட், ஓய்வூதிய அட்டை இருந்தால் அது, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் கொண்டு வாருங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து, எலும்புத் தேய்வுக்கு மாத்திரை அல்லது ஊசி எடுப்பவர்கள் பல் பிடுங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்; மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கட்டணத்தையும் காத்திருக்கும் காலத்தையும் முகப்பில் கேட்டறியலாம். பழைய பல் செட்டு உடைந்திருந்தாலும் எறியாமல் எடுத்து வாருங்கள். புதியதைச் செய்யும்போது அது மருத்துவருக்கு உதவும்.