சைக்கிள் யார் அளவுக்கு?

சட்டை தைப்பிக்கச் சென்றால், தையற்காரர் அளவு நாடாவை எடுக்குமுன் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. சப்பாத்து வாங்கச் சென்றால், காலை நுழைத்து நாலடி நடந்து பார்த்தே வாங்குகின்றோம். ஆயின், ஐந்தாறு ஆண்டுகள் நாள்தோறும் பிள்ளை ஏறியிறங்கப் போகும் துவிச்சக்கர வண்டியை வாங்குமிடத்து மட்டும் அப்பிள்ளையின் உடலளவை எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்க்கின்றோம், விலையைக் கேட்கின்றோம், "இருபத்தாறா, இருபத்தெட்டா?" என்று கடைக்காரர் வினவினால், "வளருகிற பிள்ளைதானே, பெரிதாகவே தாருங்கள்" என்று கூறிப் பணத்தை எண்ணிக் கொடுக்கின்றோம். 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றபோது சைக்கிளின் விலை எவ்வாறு ஏறியது என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்துணைப் பணங்கொடுத்து வாங்கும் பொருள் பிள்ளையின் முழங்காலுக்கு நோவைத் தேடிக் கொடுக்குமாயின் அது நட்டத்தின் மேல் நட்டமன்றோ?

முதற்கண் அந்த இருபத்தாறு, இருபத்தெட்டு என்னும் எண்களையே எடுத்துக்கொள்வோம். அவை சில்லின் விட்டத்தை அங்குலத்திற் குறிப்பவை. பிள்ளைக்கு வண்டி பொருந்துமா என்பதை அவை கூறமாட்டா. அதனைக் கூறுவது சட்டகத்தின் அளவு. பழைய வண்டிகளில் ஆசனத்தைத் தாங்கும் குழாயின் நீளமே சட்டகத்தின் அளவாகக் கொள்ளப்பட்டது. 22 அங்குலம், 24 அங்குலம் என்று அதனைக் கூறுவர். ஒரே இருபத்தெட்டுச் சில்லு பூட்டிய இரு வண்டிகளில் ஒன்று நெட்டையருக்கும் மற்றையது நடுத்தர உயரத்தினருக்கும் ஆகலாம். போதாக்குறைக்கு, இருபத்தாறு என்று சொல்லப்படும் சில்லுகளும் ஒரே வகையின அல்ல. மலைச் சைக்கிளின் இருபத்தாறில் ரயர் அமரும் றிம்மின் விட்டம் 559 மில்லிமீற்றர். பழைய ஒடுங்கிய ரயர் வண்டியின் இருபத்தாறில் அது 590 மில்லிமீற்றர். ஒன்றின் ரயர் மற்றொன்றிற்கு ஏறாது. ரயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் மூன்றிலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்பவர் ஒருமுறை வீண் அலைச்சலைத் தவிர்த்துக்கொள்வார்.

விந்தை யாதெனில், சைக்கிளின் வரலாற்றிலே அளவெடுக்காமல் வண்டி வாங்கவே இயலாத காலம் ஒன்றிருந்தது. 1870களில் இங்கிலாந்தில் ஓடிய வண்டிக்கு முன்சில்லு மிகப் பெரியது. பின்சில்லு மிகச் சிறியது. பெடல்கள் முன்சில்லின் அச்சிலேயே நேராகப் பூட்டப்பட்டிருந்தமையால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றச் சில்லும் ஒரு சுற்றே சுற்றும். வேகம் வேண்டுமாயின் சில்லு பெரிதாதல் வேண்டும். சில்லு பெரிதாகலாமோ என்றால், ஓட்டுபவரின் கால் எட்டுமட்டுமே பெரிதாகலாம். ஆகவே கால் நீளத்தைக் கொண்டே வண்டி விற்கப்பட்டது. அதிலிருந்து தலைகுப்புற விழுந்தவர் பலர். எனினும் அவ்வாபத்தான வண்டி அவரவர் காலளவுக்குச் சரியாக இருந்தது!

1885ஆம் ஆண்டில் கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பார், சங்கிலியால் பின்சில்லைச் சுழற்றும் றோவர் வண்டியைச் சந்தைக்குக் கொணர்ந்தார். சங்கிலி வந்ததும் சில்லின் பருமனுக்கும் காலின் நீளத்துக்குமிருந்த கட்டு அறுந்தது. சில்லுகள் ஏறத்தாழ ஒரே பருமனாயின, ஆசனம் தாழ்ந்தது, 1888இல் டன்லொப் என்பார் காற்றடைத்த ரயரை அமைத்ததும் குலுக்கமும் குறைந்தது. அடுத்த சில ஆண்டுகளுள் முன்னும் பின்னும் இரு முக்கோணங்களாக அமைந்த வைரவடிவச் சட்டகம் நிலைபெற்றது. இன்றைய பெரும்பாலான சைக்கிள்களும் அதன் வழித்தோன்றல்களே. ஆயின், எவரும் எதிலும் ஏறலாம் என்ற வசதி வந்தவுடன் அளவெடுக்கும் வழக்கம் கைவிடப்பட்டது.

இனி, ஒரே வைரவடிவம் எவ்வாறு வேறு வேறு குணமுடைய வண்டிகளாகின்றது என்று நோக்குவோம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் இரண்டு தலைமுறைகள் ஓடித் தேய்ந்த பழைய ஆங்கிலேயப் பாணி வண்டியை வாசகர்கள் அறிவர். கறுப்பு நிறம், இருபத்தெட்டுச் சில்லு, கம்பிப் பிரேக், சுருள்வில் வைத்த அகன்ற ஆசனம். அதன் ஆசனக் குழாயும் முன்குழாயும் நிலத்தோடு ஏறத்தாழ 66 முதல் 68 பாகை வரை சாய்ந்திருக்கும். பந்தயச் சைக்கிளிலோ அக்கோணம் 73 பாகையளவில் நிமிர்ந்திருக்கும். ஐந்தாறு பாகை அற்பம் என்று எண்ணவேண்டா. குழாய் சாயச் சாய ஓட்டுபவர் பின்னே நகர்ந்து நிமிர்ந்து உட்காருகிறார்; சில்லுக்குச் சில்லு இடைவெளியும் நீளுகின்றது. பழைய வண்டியில் அவ்விடைவெளி ஏறத்தாழ 45 அங்குலம். பந்தய வண்டியில் 39 அங்குலமளவே. நீண்ட வண்டியில் ஆள் இரு சில்லுகளுக்கும் நடுவிலே இருப்பதால் குழியில் விழும் அதிர்ச்சி பங்கிடப்படுகின்றது. குறுகிய வண்டியில் ஆசனம் பின்சில்லுக்கு மிக அண்மையில் இருப்பதால் அவ்வதிர்ச்சி நேரே முதுகெலும்புக்கு ஏறும்.

பின்பகுதியின் நீளமே சுமைக்கும் காரணம். பின்சில்லு தள்ளியிருந்தால், கரியரில் வைத்த மூட்டையின் பாரம் சில்லின் அச்சுக்கு மேலே அல்லது சற்று முன்னே இறங்கும். சில்லு முன்னே நெருங்கியிருந்தாலோ பாரம் அச்சுக்குப் பின்னே தொங்க, முன்சில்லு இலேசாகிக் கைபிடி ஆடத் தொடங்கும். 1990களில் யாழ்ப்பாணத்திற்கு எரிபொருள் வராத ஆண்டுகளில் விறகும், அரிசி மூட்டையும், வாழைக்குலையும், நோயாளரும் சைக்கிளிலேயே சென்றனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது, ஒரு வீட்டின் சாமான்களைச் சுமந்து உருண்டவையும் பெரும்பாலும் இத்தகைய வண்டிகளே. இந்நாளைய குறுகிய சட்டகத்தில் அப்பாரத்தை ஏற்றியிருந்தால் ஊர் எல்லையைத் தாண்டுவதே அரிதாயிருக்கும்.

முன்குழாயின் சாய்வுக்கு மற்றொரு வேலையும் உண்டு. அக்குழாயின் கோட்டை நிலம்வரை நீட்டினால், ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே அது போய்ச் சேரும். ஆகவே, ஆசுபத்திரித் தள்ளுவண்டியின் சிறு சில்லு இழுத்த பக்கமே திரும்பிப் பின்தொடர்வதுபோல, சைக்கிளின் முன்சில்லும் போகும் திசையை நாடி நிற்கும். கைவிட்டு ஓட்டும் மாணவர் தம் வீரத்திலே ஒரு பங்கை இவ்விடைவெளிக்கு ஒதுக்குதல் நியாயம். சைக்கிள் விழாமல் நிற்பதற்கு இது ஒன்றே காரணமென்று முன்பு பலர் நம்பினர். அவ்விடைவெளியும் சுழலும் சில்லின் விசையும் இல்லாமலே தானாக நிமிர்ந்தோடும் ஒரு வண்டியை அறிஞர் சிலர் அமைத்து 2011இல் வெளியிட்டனர். பாடநூலில் ஒரு வரியிற் சொல்லிவிடக்கூடிய பொருளன்று இது.

பந்தயச் சைக்கிளின் வடிவம் முற்றிலும் வீதியின் தேவையாற் பிறந்தது என்று எண்ணுவோர் உளர். பாதி அப்படி, மறுபாதி சட்டப்புத்தகத்தாற் பிறந்தது. 1933இல் பிரான்சிஸ் ஃபோர் என்னும் பிரெஞ்சுக்காரர், சாய்ந்து படுத்தவாறு ஓட்டும் வண்டியொன்றில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடி, 1914ஆம் ஆண்டுமுதல் நிலைத்திருந்த சாதனையைக் கடந்தார். சர்வதேசச் சைக்கிளோட்டச் சங்கம் 1934இல் அத்தகைய வண்டிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. அன்றுமுதல் பந்தய வண்டி என்றால் வைரவடிவம் என்றாயிற்று.

தம் உடலை அளவுகோலாகக் கொண்டு வண்டி செய்தவர் ஸ்கொத்லாந்து நாட்டுக் கிறேம் ஒப்றி. மடித்த கைகளை மார்பின் கீழே அடக்கி, தலையை முன்னே நீட்டிக் குனிந்தால் காற்றின் தடை குறையும் என்று கண்ட அவர், அந்நிலைக்கேற்பத் தாமே ஒரு சட்டகத்தை உருவாக்கினார். பெடல் அச்சுக்குச் சலவை இயந்திரமொன்றின் குண்டுப்போதிகையைப் பயன்படுத்தினார். 1993 யூலை 17இல் நோர்வேயின் ஹாமார் நகரில் அவர் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீற்றர் ஓடினார். ஆறே நாள்களில் கிறிஸ் போட்மன் 52.270 ஓடி அதனைக் கடந்தார்; 1994இல் ஒப்றி 52.713 ஓடி மீட்டார். சங்கமோ அவருடைய அந்நிலையையும் 1994இலேயே தடைசெய்தது. பெருந்தொழிற்சாலை வண்டிகளோடு ஒரு வீட்டுத் தொழிற்கூடத்து வண்டி போட்டியிட முடிந்தது எதனால்? ஓட்டுபவருடைய உடலைச் சுற்றியே அது கட்டப்பட்டதனால் என்பதே எமது எண்ணம்.

மலைச் சைக்கிளின் பிறப்பிடம் கலிபோர்னியாவின் மரின் மாவட்டம். அங்குள்ள தமல்பாயிஸ் மலைச்சரிவில் 1970களில் இளைஞர் சிலர் தடித்த ரயர் பூட்டிய பழைய வண்டிகளில் கீழ்நோக்கிப் பாய்ந்தோடி விளையாடினர். வண்டிகள் உடைந்தன, ஆகவே 1977இல் ஜோ பிறீஸ் என்பார் அதற்கென்றே சட்டகம் ஒட்டினார். சாய்ந்த முன்குழாய், உயர்ந்த பெடல் அச்சு, முட்கள் நிறைந்த ரயர், பின்னாளில் வில் வைத்த முன்போர்க் எல்லாம் கல்லும் சரிவும் நிறைந்த பாதைக்கென வந்தவை. அவ்வண்டி இன்று எமது சமதரைக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. தார் வீதியில் முள் ரயர் இரைந்து உழைப்பைத் தின்கின்றது. மலிவான வில் போர்க் ஒவ்வொரு உழக்கலுக்கும் அமிழ்ந்தெழுந்து பாரத்தையும் கூட்டுகின்றது. பார்வைக்கு மிடுக்காயிருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாடசாலைக்குச் செல்ல அப்போர்க்கிற்குப் பணங்கொடுப்பதிலும், அப்பணத்துக்கு நல்ல ரயரும் மட்கார்டும் வாங்குதல் மேல்.

எமது வீதியில் மலை இல்லை; காற்று உண்டு. வல்லை வெளியில் சோளகத்தை எதிர்த்து உழக்கியவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் அதே வேகத்தில் எதிர்வரும் காற்றைச் சந்தித்தால், உடலில் மோதுவது 30 கிலோமீற்றர்க் காற்று. நிமிர்ந்த உடல் அப்போது பாயாகிவிடுகின்றது. ஆகவே தூரம் ஓடுபவர் கைபிடியை ஆசனத்தின் மட்டத்துக்குக் கொணர்ந்து சற்றே குனிதல் நன்று. சந்தைவரை செல்பவர் நிமிர்ந்தேயிருக்கலாம். குனிபவருக்கு ஒடுங்கிய ஆசனம், நிமிர்பவருக்கு அகன்ற ஆசனம். நிமிர்ந்திருக்கும்போது உடற்பாரம் முழுவதும் இருப்பெலும்புகளில் இறங்குவதே காரணம். பந்தய ஆசனத்தை நிமிர்ந்த வண்டியிற் பூட்டிவிட்டு நோகிறது என்று முறையிடும் மாணவரை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

ஆசனத்தின் உயரத்தை வீட்டிலேயே கணிக்கலாம். பிள்ளையைச் சப்பாத்தின்றிச் சுவரோடு நிற்கச் செய்து, ஒரு கனத்த புத்தகத்தைக் கவட்டிடையே ஆசனம்போல் மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்கவேண்டும். அதனை 0.883 ஆற் பெருக்கினால், பெடல் அச்சின் நடுவிலிருந்து ஆசனத்தின் மேற்பரப்புவரை இருக்கவேண்டிய தூரம் கிடைக்கும். கால் நீளம் 80 சென்ரிமீற்றராயின் விடை 70.6 சென்ரிமீற்றர். கணக்கு வேண்டாதவர், ஆசனத்தில் அமர்ந்து குதிக்காலைக் கீழ்ப் பெடலில் வைத்துப் பார்க்கலாம். முழங்கால் நேராக நீளவேண்டும். பின் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். ஆசனம் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறம் நோகும். மிக உயர்ந்திருந்தால் பின்புறம் இழுக்கும். பிள்ளை இடுப்பை இருபுறமும் ஆட்டி உழக்கும். மேற்குழாயின் இருபுறமும் கால்களை ஊன்றி நிற்கும்போது கவட்டுக்கும் குழாய்க்கும் இடையே இரண்டு விரற்கிடையேனும் வெளி இல்லையாயின், அச்சட்டகம் அப்பிள்ளைக்குப் பெரிது. ஆசனத்தை இறக்கி அக்குறையைத் தீர்க்க இயலாது. சற்றுச் சிறிய சட்டகத்தில் ஆசனத்தை ஆண்டுக்காண்டு உயர்த்திக்கொண்டு போகலாம். பெரிய சட்டகத்தைக் குறுக்க வழியில்லை. "வளருகிற பிள்ளை" என்னும் வாதம் சிறிய சட்டகத்துக்கே சாதகம்!

மேற்குழாயைத் தாழ்த்திய பெண்கள் வண்டியை ஆண்கள் ஏற நாணுவது வீண் கூச்சம். சேலை, பாவாடை உடுத்துபவருக்கென அமைந்த அவ்வடிவம், காலைத் தூக்கிப் போட இயலாத முதியவருக்கும், கரியரில் உயரமாகச் சுமை கட்டுபவருக்கும் அதேயளவு உதவும். முக்கோணம் குலைந்தமையால் அச்சட்டகம் சற்று முறுகும். அதனை ஈடுசெய்யத் தடித்த குழாய் இடுவதால் பாரமும் சிறிது கூடும். இவையே குறைகள்.

பல பற்சில்லுகளைக் குறித்து அதிகம் கூறவேண்டியதில்லை. முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் கொண்ட இருபத்தெட்டுச் சில்லு வண்டி, பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் ஓடும். சமதரைக்கு அது போதும். கண்டியிலும் பதுளையிலும் வாழ்பவருக்கு அது போதாது; அவர்களுக்குப் பல பற்சில்லுகள் அவசியம். சட்டகம் உருக்காயின், முறிந்தால் ஊரிலுள்ள ஒட்டுவேலைக்காரரே ஒட்டித் தருவார். அலுமினியம் இலேசாயினும் எல்லாப் பட்டறையிலும் ஒட்டுப்படாது.

பிரேக்கிற்கு மட்டும் ஒரு வார்த்தை. வெள்ளிபோற் பளபளக்கும் உருக்கு றிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். வண்டி நிற்க வெகுதூரம் எடுக்கும். அலுமினிய றிம்மில் இக்குறை மிகக் குறைவு. பழைய வண்டி வைத்திருப்போர் மாரிகாலத்தில் சந்தி வருமுன்னரே பிரேக்கை இலேசாகப் பிடித்து, றிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு செல்லல் வேண்டும்.